டெய்சி என்றொரு நாய் இல்லை

மழையில் நனைந்த நாயைத் துவட்டுவது க்ராஸ்லி வீட்டில் இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் துடைக்க வேண்டும். இங்கிலாந்தின் கீத்லி ஊரில் மழை இல்லாத மாலை அபூர்வம் என்பதால் கணவன் மனைவி இருவருக்குமே கை பழகிவிட்டது. அன்றும் நெவில் சமையலறைத் தரையில் முட்டி போட்டு மேபலின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பழைய துண்டால் பின்தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்த லொரெய்ன் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"இது என்னது?"

"எது?"

"இங்க தொட்டுப் பாரு. பட்டாணி மாதிரி உருளுது."

நெவில் தொட்டுப் பார்த்தார். உருண்டது. மேபல் திரும்பி அவர் காதை நக்கியது.

"ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்."

"பூச்சி கடிச்சா தோலுக்குள்ள இப்படியா இருக்கும்? நாளைக்கே நாய் டாக்டர் மிஸ் ஃபென்விக்கிட்ட கூட்டிட்டுப் போயிடு. எனக்கு ஸ்கூல் கிச்சன்ல லீவு கிடைக்காது." துண்டை உதறியவள் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, இன்ஷூரன்ஸ் இருக்கு. இல்லைன்னா நம்ம கதி என்ன?"

நெவில் கழுத்துப்பட்டையின் கொக்கியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஏனென்றால், இன்ஷூரன்ஸ் இல்லை.

உடனே அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். இருவருக்குமே அது இரண்டாம் கல்யாணம். ஐம்பதைத் தாண்டிச் சேர்ந்தவர்கள். லொரெய்ன் இரண்டு பெட்டிகள், ஒரு சோபா, மேபல் ஆகியவற்றோடு அந்த வீட்டுக்கு வந்தாள். நாய் என்றால் எட்டி நிற்கிற மனிதர் நெவில். ஆனால் ஒரே மாதத்தில் மேபல் கட்டிலில் அவர் பக்கத்தில் தலை வைத்துப் படுக்கும் அளவுக்கு உறவு முற்றிப்போனது. கல்யாணமான புதிதில், "இனிமே வீட்டுச் செலவு பில்லெல்லாம் என் பொறுப்பு, நீ கவலையே படாத" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவரும் அவர்தான்.

வீடு வீடாகப் போய்த் தரைவிரிப்பு பதிக்கிற தொழிலில் முட்டிகள்தான் முதலில் தேயும். நெவிலுக்கும் தேய்ந்தன. வாரத்தில் மூன்று நாள் வேலை என்று வருமானம் சுருங்கியது. நாய்க்கு வயது ஏற ஏற இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறும் என்பது அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். போன குளிர்காலத்தில் அது ஒரேயடியாகத் தாவியபோது நெவில் கணக்குப் போட்டார். ஒன்பது வயதாகியும் ஒரு நாள்கூட நோவென்று படுக்காத நாய்க்கு இவ்வளவு எதற்கு? அதே பணத்தை நாமே தனியாக எடுத்து வைத்தால் நமக்கே நிற்குமே? கட்டுவதை நிறுத்தினார். இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்தும் வைத்தார். ஜனவரியில் வெந்நீர் பாய்லர் வெடித்தது. எடுத்து வைத்தது அதோடு போயிற்று. இதில் எதையும் லொரெய்னிடம் சொல்லவில்லை. அவள் அடிக்கப்போகிறாள் என்ற பயம் இல்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய், குனிந்து பேச மறுத்தது. அவ்வளவுதான்.

மறுநாள் மிஸ் ஃபென்விக் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நெவிலின் பாதி வயதுகூட இல்லாத பெண். ஆனால் நாய் பூனைகளோடு பேசும்போது குரலில் ஒரு தாய்க் கிழவியின் பக்குவம் இருக்கும். சில நாளில் முடிவு வந்தது. நெவிலைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மிஸ்டர் க்ராஸ்லி, இது கொஞ்சம் பொல்லாத ரகம். ஒரு நாள் வீங்கும், ஒரு நாள் வத்தும், ஏமாத்தும். ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம். சுத்தி நல்ல தோலையும் சேர்த்து அகலமா வெட்டி எடுத்துட்டா, பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும். தள்ளிப்போடாதீங்க. இன்ஷூரன்ஸ் இருக்கில்ல?"

இந்த ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இருக்கு, இருக்கு" என்றார் நெவில்.

"அப்ப நல்லது. இருக்கிறதால லீட்ஸ் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதித் தர்றேன். ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் சர்ஜன் எல்லாம் அங்கேயே. நாலாயிரம் பவுண்டு கிட்ட ஆகும். கம்பெனிக்கு நேரா பில் போயிடும், நீங்க அலட்டிக்க வேண்டாம்."

"ரொம்ப நல்லதுங்க. ரொம்ப நன்றிங்க" என்றார் நெவில். கீத்லியில் ஆண்பிள்ளையின் காலில் லாரி ஏறினாலும் லாரிக்காரனிடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் நொண்டுவான். நாலாயிரம் என்ற வார்த்தை காதில் ரீங்காரமிட, மேபலைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து வேனில் ஏறி, சாவியைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைச் சொல்லி அழ ஓர் ஆள் வேண்டுமே. ராய்ஸ்டனிடம் சொன்னார். ராய்ஸ்டன் இருபது வருடமாக நெவிலின் தரைவிரிப்புச் சுருளுக்கு மறுமுனையைத் தூக்குகிறவர். கேட்காத யோசனையைக் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேனுக்குள் பன்றிக்கறி அடைத்த 'பை' பலகாரத்தைக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க? மாப்ள, ரொம்ப சுளுவு. இன்னைக்கே புதுசா ஒரு இன்ஷூரன்ஸ் போடு."

"கட்டி வந்தப்புறம் போட்டா தர மாட்டாங்கடா. ஏற்கெனவே இருக்கிற நோய்ம்பாங்க."

"மேபலுக்குப் போட்டாத்தானே? புது நாய்க்குப் போடு. பேரு டெய்சி. வயசு ஆறு. உன் சித்தி பொண்ணு வெளிநாடு போறா, நாயை உன்கிட்ட விட்டுட்டுப் போயிட்டா. இதுவரைக்கும் எந்த டாக்டரையும் பாத்ததில்ல. ரெண்டு வாரம் பொறுத்தா பாலிசிக்கு உயிர் வந்துடும். பக்கத்து ஊர் ஸ்கிப்டன்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி, 'ஐயோ, நேத்துதாங்க பாத்தேன்'னு அழு. வேலை முடிஞ்சது."

"அது மோசடி இல்லையா?"

"யாரை மோசடி பண்ற? கண்ணாடி மாளிகை கட்டி உக்காந்திருக்கான் இன்ஷூரன்ஸ்காரன். அவன் காசு நம்ம காசுதான். ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

ஊரில் எல்லாரும் என்று ராய்ஸ்டன் சொன்னால், அவர் எங்கோ யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார் என்று பொருள். நெவிலுக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று மாலையே டெய்சி என்ற ஆறு வயது நாய், காற்றிலிருந்து பிறந்து, முதல் தவணை கட்டி, இன்ஷூரன்ஸும் பெற்றது.

அடுத்த இரண்டு வாரமும் நெவில் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. காலையில் எழுந்ததும் முதல் வேலை மேபலின் தொடையைத் தடவிப் பார்ப்பது. ஒரு நாள் கட்டி சுருங்கியிருந்தது. சந்தோஷத்தில் மேபலுக்கு ஒரு முழு சீஸ் துண்டைக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அது திராட்சை அளவுக்குத் திரண்டு சிவந்திருந்தது. மேபல் அதையே நக்கிக்கொண்டிருந்தது. லீட்ஸிலிருந்து தேதி கொடுக்க யாரோ கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. மிஸ் ஃபென்விக்கின் கிளினிக்கிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அதையும் எடுக்கவில்லை.

"இன்னுமா தேதி வரல?" என்று லொரெய்ன் தினம் கேட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரி பாரு. கூட்டம்."

"நான் வேணா பேசட்டுமா?"

"வேண்டாம் கண்ணு, நான் பாத்துக்கறேன்."

அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவரை அதிகமாக வதைத்தது. சாப்பாட்டு மேஜையில் கிரேவியை ஊற்றிக்கொண்டே, "நீ இருக்கறதால எனக்குப் பாதி பாரம் குறைஞ்சுது" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது, வாயில் வைத்த உருளைக்கிழங்கு இறங்க மறுத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. 'இன்னும் நாலு நாள்தானே' என்று அதை உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

கெடு முடிந்த மறுநாள், சில்ஸ்டனில் ஒரு வீட்டில் வேலை, துணைக்கு மேபலையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நெவில் நேராக ஸ்கிப்டனுக்கு வேனை விட்டார். வழியெல்லாம் ஒத்திகை. "டெய்சி! டெய்சிக் குட்டி!" பின்சீட்டில் மேபல் ஜன்னலுக்கு வெளியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தது. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கும்.

கிளினிக்கில் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கூண்டில் ஒரு பூனை, மடியில் ஒரு முயல், எதிரே ஒரு பாட்டியின் காலடியில் குறட்டை விடும் பக் நாய். சுவரில் மாட்டியிருந்த உண்ணிப் படங்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"டெய்சி!" என்று கூப்பிட்டாள் வரவேற்புப் பெண்.

யாரும் எழவில்லை.

"டெய்சி க்ராஸ்லி?"

எதிரே இருந்த பாட்டி, "உங்க நாயைத்தான் கூப்பிடறாங்க போல" என்று சொன்ன பிறகுதான் நெவில் துள்ளி எழுந்தார். மேபல் எழவே இல்லை. "வா டெய்சி, வாம்மா" என்று இழுத்தார். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தது. தரையில் தேய்த்துக்கொண்டேதான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

"காது கொஞ்சம் மந்தம்" என்றார் நெவில்.

"ஆறு வயசுலயா? பாவம்" என்ற அந்தப் பெண், கையில் ஒரு கருவியை எடுத்து மேபலின் தோளுக்கு மேலே மெதுவாக நகர்த்தினாள். அது 'பீப்' என்றது. "புதுசா பதியற எல்லா நாய்க்கும் சிப்பைப் பாத்துடுவோம். வழக்கம்தான்."

தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருப்பதும், அதில் நாயின் ஜாதகமே கிடைக்கும் என்பதும் நெவிலுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டார். ராய்ஸ்டன் நாயே வளர்த்ததில்லை.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். நெவிலைப் பார்த்தாள். மறுபடி கணினியைப் பார்த்தாள். பிறகு தேனொழுகச் சொன்னாள்: "டாக்டர் வர கொஞ்சம் நேரமாகும் சார். உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா? பிஸ்கட்டும் இருக்கு."

கீத்லியில் இந்த உபசாரம் கிடையாது என்று நினைத்துக்கொண்டார் நெவில். டீ வந்தது. இன்னொரு டீயும் வந்தது. அவருக்கு அப்புறம் அழைக்கப்பட்ட பூனையும் முயலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டன. வாசல் கதவுக்கருகே வாட்டசாட்டமான ஓர் உதவியாளர் வந்து சும்மா நின்றுகொண்டார். அப்போதும் நெவிலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு படாரென்று திறந்தது. தலையில் சமையலறை வலைத்தொப்பி, மார்பில் மாவு படிந்த ஏப்ரன், கையில் ரயில் டிக்கெட். லொரெய்ன்.

"மேபல்!"

காது மந்தமான டெய்சி ஒரே பாய்ச்சலில் அவள் மேல் ஏறி, வாலை மட்டுமல்ல, உடம்பு மொத்தத்தையும் ஆட்டியது.

"அம்மா, உங்க நாய்தானே இது?" என்று கேட்டாள் வரவேற்புப் பெண். "சிப்புல லொரெய்ன் டக்வொர்த்னு உங்க பேரு. இவர் வேற பேருல, தன்னோட நாய்னு கொண்டு வந்தார். அதான் உங்களுக்குப் போன் பண்ணினோம். போலீஸைக் கூப்பிடலாமா? திருடினவர்னு..."

டக்வொர்த் என்பது லொரெய்னின் பழைய பெயர். கல்யாணத்துக்குப் பிறகு சிப் பதிவில் யாரும் அதை மாற்றவில்லை.

லொரெய்ன் நெவிலைப் பார்த்தாள். அவர் கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"திருடனா இருந்தாக்கூட பரவாயில்லம்மா" என்றாள். "இந்தாளு என் புருஷன்."

எதிரே இருந்த பாட்டி தன் முறை வந்தும் எழுந்திருக்க மறுத்துவிட்டாள். இப்படியொரு காட்சி தினமுமா கிடைக்கும்?

"சொல்லு" என்றாள் லொரெய்ன். "டெய்சி யாரு?"

நெவில் சொன்னார். வெடித்த பாய்லர், நின்றுபோன இன்ஷூரன்ஸ், மிஸ் ஃபென்விக்கிடம் சொன்ன பொய், ராய்ஸ்டனின் யோசனை என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். "நீ என்கிட்ட கொடுத்ததே ஒரே ஒரு பொறுப்பு. அதைக் கோட்டை விட்டுட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் உண்மையிலேயே அழுதார்.

லொரெய்ன் திட்டவில்லை. மேபலின் பின்தொடையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டி சிவந்து, மேல்தோல் கசிந்திருந்தது. அவள் முகம் வெளுத்தது.

"ரெண்டு வாரம்" என்றாள். "இதை வெச்சுக்கிட்டு ரெண்டு வாரம் காத்திருந்தியா?"

நெவிலின் தலை குனிந்தது அப்போதுதான்.

அந்தக் கிளினிக்கின் டாக்டர் வெளியே வந்து, கதையைக் கேட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் கட்டியைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இல்லை. "இப்போதைக்குப் பரவலைன்னு தோணுது. ஆனா இனி ஒரு நாள்கூட வீணாக்காதீங்க. உங்க டாக்டருக்கு உடனே போன் போடுங்க. பரிசோதனை ரிப்போர்ட் அவங்ககிட்டதானே இருக்கு?"

நாலு பேர் நடுவில் காசைப் பற்றிப் பேசுவதைவிட உடுப்பைக் கழற்றுவது மேல் என்று நினைக்கிற ஊர் அது. லொரெய்ன் அந்த வரவேற்பறையின் நடுவில் நின்றுகொண்டே, எல்லார் காதிலும் விழும்படி போனில் பேசினாள்.

"மிஸ் ஃபென்விக், மேபலோட அம்மா பேசறேன். எங்ககிட்ட இன்ஷூரன்ஸ் கிடையாது. இருக்குன்னு சொன்னது பொய். கையில அறுநூறு பவுண்டு இருக்கு. மாசாமாசம் கொஞ்சம் கட்ட முடியும். இதை வெச்சு என் நாய்க்கு என்ன செய்ய முடியும்னு சொல்லுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பதில் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயோ, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! இன்ஷூரன்ஸ் இருக்குன்னு சொன்னதாலதான் லீட்ஸுக்கு எழுதினேன். இல்லைன்னா நானே இங்கயே செய்யற ஆபரேஷன்தான் அது. தொடையில நல்ல இடத்துல இருக்கு, தோலும் தாராளமா இருக்கு. நெறியில ஒரு ஊசி குத்திப் பாத்துட்டா போதும், ஸ்கேன் அவசியமில்ல. ஆயிரத்து முந்நூறுக்குள்ள முடிச்சிடலாம். அறுநூறு முதல்ல கட்டுங்க, மிச்சத்தை ஆறு மாசத்துல கட்டுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த வாரமே முடிஞ்சிருக்கும் லொரெய்ன். தையல்கூடப் பிரிச்சிருப்போம்."

அந்த வாரமே முடிந்திருக்கும். நெவிலுக்கு அந்த வார்த்தை கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. நாலாயிரத்துக்குப் பயந்துதான் அவர் டெய்சியைப் பிறக்கவைத்தார். உண்மையில் முதலில் அவர் சொன்ன பொய்தான் அதை நாலாயிரமாக்கியது.

வேனில் திரும்பி வரும்போது மேபல் லொரெய்னின் மடியில் தலை வைத்துத் தூங்கியது. சில்ஸ்டன் தாண்டியதும் லொரெய்ன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"பாய்லர் போனதுக்கு நீ என்ன பண்ணுவ? எனக்கு அதுல கோவமில்ல. என்கிட்ட சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ஒரு அரை மணி நேரம் நல்லாத் திட்டியிருப்பேன். அப்புறம் டீ போட்டுக் குடுத்துட்டு, என்ன பண்ணலாம்னு உக்காந்து யோசிச்சிருப்பேன். அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்துதானே இவ்வளவும்?"

"ஆமா" என்றார் நெவில்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா டெய்சியை முடிச்சுவிடு."

முடித்துவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டபோது எதிர்முனையில் ஒரு பையன் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டான்: "பாலிசியை ரத்து பண்ணணுமா சார்? டெய்சி இறந்துட்டாளா?"

"இல்லப்பா. பிறக்கவே இல்ல. அப்படி ஒரு நாயே கிடையாது. நான் பொய் சொல்லிட்டேன்."

விசைப்பலகையைத் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு அவன், "அந்தக் காரணம் எங்க பட்டியல்ல இல்ல சார்" என்றான். இழப்பீடு கேட்டு எந்தக் கோரிக்கையும் போகவில்லை என்பதால், ரத்து செய்து, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்து, கட்டிய தவணை திரும்ப வராது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அது போனால் போகட்டும் என்று நெவில் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. பட்டாணிக்காக வெட்டியிருந்தால் சிறிய தழும்பு. திராட்சை ஆகிவிட்டதால் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். வீட்டுக்கு வந்த மேபல், கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு ஒவ்வொரு கதவிலும் மேஜையிலும் நெவிலின் தேய்ந்த முட்டிகளிலும் டமால் டமாலென்று இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் "எனக்கு வேணும், எனக்கு வேணும்" என்று முனகினார் அவர். கட்டிலில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தரையில் மெத்தை போட்டு அதன் பக்கத்தில் நெவிலும் படுத்தார். லொரெய்ன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்குமே புனல் மாட்டணும்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் கேலி அது. நெவிலுக்குப் பாதி உயிர் வந்தது.

வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவு வர வேண்டியிருந்தது. ஓரத்திலெல்லாம் சுத்தமாக இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் மறுபடியும் கத்தி. போன் வந்தபோது இருவரும் சமையலறையில் நின்றிருந்தார்கள்.

"சுத்தம்" என்றார் மிஸ் ஃபென்விக். "நாலு பக்கமும் சுத்தம். அடியிலயும் சுத்தம். நெறியிலயும் ஒண்ணுமில்ல. எடுத்தாச்சு. அப்பப்ப தடவிப் பாத்துக்கோங்க, அவ்வளவுதான்."

லொரெய்ன் போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து மேபலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நெவில் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்தார். அவள் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். நாயின் புனல் இருவர் நடுவிலும் நசுங்கியது. வீடு முழுக்க அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பப்பில் வினாடிவினா. நெவில், லொரெய்ன், ராய்ஸ்டன், தபால் போடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாலீன் ஆகிய நால்வரும் ஓர் அணி. வழக்கம்போல் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தார்கள். இடைவேளையில் ராய்ஸ்டன் கண்ணடித்தார்.

"என்ன மாப்ள, நம்ம யோசனை எப்படி?"

ஒரு மாதத்துக்கு முந்தைய நெவிலாக இருந்தால் "ஏதோ, பரவாயில்ல" என்று பீர் கோப்பைக்குள் முகத்தை மறைத்திருப்பார். இன்று கோப்பையைக் கீழே வைத்தார். கையில் காசில்லாமல் போனதிலிருந்து, பெயர் கூப்பிட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தது, திருடனுக்கு ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தது வரை எதையும் விடாமல் சொன்னார். பக்கத்து மேஜைகளும் திரும்பிக் கேட்டன. பிஸ்கட் வரும்போது சிரிப்பில் கூரை பறந்தது. ராய்ஸ்டன் காது மடல்வரை சிவந்துபோய், "நாய்க்கு உள்ள சிப்பெல்லாம் வெப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நீ சொன்ன. இல்லாததை இருக்கிற மாதிரி நான் சொன்னேன்" என்றார் நெவில். "நடுவுல மாட்டிக்கிட்டது வாயில்லாத ஜீவன். யாரை மோசடி பண்றன்னு கேட்ட இல்ல? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா என் நாய் உசுருதான் நஷ்டம்."

சிரிப்பு அடங்கியது. பாலீன் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க நாய் பில்லிக்கும் இன்ஷூரன்ஸ் இல்ல" என்றாள் மெதுவாக. "போன வருஷமே விட்டுட்டேன். ஒரு மாசமா காலை நொண்டறான். என்ன கேப்பாங்களோன்னு டாக்டர்கிட்டயே போகல."

யாரும் அவளை விநோதமாகப் பார்க்கவில்லை. லொரெய்ன் மட்டும் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்குக் காலைல போன் போடு. 'ஹலோ' சொன்னதும் அடுத்த வார்த்தையே, 'என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுல என்ன செய்யலாம்'னு கேளு. ஒரு நிமிஷம் வெட்கமா இருக்கும். அதோட முடிஞ்சிடும். நாங்க அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போயி, ரெண்டு வாரம் நாயோட உசுரைப் பணயம் வெச்சோம். வைத்தியம் பாக்கறவங்ககிட்ட நோயை மறைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும் பாலீன். நம்ம கையில இருக்கிறது எவ்வளவுங்கறதையும் மறைக்கக் கூடாது. அதுவும் நோயைச் சொல்றதுல ஒரு பாதிதான்."

பாலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தாள். "நாளைக்கு எதுக்கு?" என்றாள். "கிளினிக் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."